கணக்குப் பெட்டி காணாமற்போன மூன்று நாட்கள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குரங்கை வைத்து ஊரெல்லாம் பகிடி. எங்கள் வீட்டிலும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு திங்கட்கிழமை இரவு வரைதான் நீடித்தது.

திங்கள் இரவு கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, வழமைபோல லெப்டொப்பைத் திறந்தேன். கடைக் கணக்கு இருக்கும் 'இசட்' டிரைவின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு குறுக்கு அடையாளம். அழுத்திப் பார்த்தால், வலையமைப்புப் பாதையைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற கருத்தில் ஓர் ஆங்கில அறிவிப்பு. மீண்டும் அழுத்தினேன். அதே அறிவிப்பு.

விடயம் என்னவென்றால், நான் புறக்கோட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்பவன். கடையில் இன்னமும் காபன் வைத்து எழுதும் பில் புத்தகம்தான். அன்றன்று எழுதிய பில்களை இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியோ நானோ கணினியில் பதிவோம். வாப்பாவின் காலத்தில் தடித்த பேரேடுகள் இருந்தன. பின்னர் கணினிக்கு வந்தோம். 2024 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் வற் வரி 18 வீதமாகி, பதிவு செய்யவேண்டிய எல்லையும் வருடத்துக்கு 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனாகக் குறைந்தபோது, எங்களைப் போன்ற பலர் கணக்கை ஒழுங்காக வைக்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்தோம். அன்று முதல் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான்.

அந்தப் பெட்டியை 'நாஸ்' என்பார்கள். இரண்டு இறாத்தல் பாண் அளவான ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு ஹாட் டிஸ்க். ரவுட்டரோடு ஒரு வயரால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணினிகளும் போன்களும் அதற்குள் எழுதலாம், எடுக்கலாம். எந்த நேரமும் விழித்திருக்கும் ஒரு சிறிய களஞ்சியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் களஞ்சியத்துக்குள் வெளியூர்க் கடைகளின் கடன் நிலுவை, திகதியிட்டு வாங்கிய காசோலைகளின் பட்டியல், வங்கியில் இட்ட பற்றுச்சீட்டுகளின் படங்கள் எல்லாம் இருந்தன. வாப்பாவின் கடைசி இரண்டு வருடங்களில் எடுத்த வீடியோக்களும் அதற்குள்தான்.

காலத்தையும் கவனியுங்கள். நோன்பு தொடங்க மூன்று வாரம். பெருநாள் வியாபாரத்துக்கும், அதை அடுத்துவரும் சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கும் வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்கு எடுக்கும் மாதம் அது. பழைய நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டுப் புதிய சரக்கைக் கடனுக்கு எடுப்பார்கள். யாருக்கு எவ்வளவு நிலுவை என்று தெரியாமல் ஒரு கட்டுச் சரக்குக் கூட வெளியே விட முடியாது. பில் புத்தகங்கள் கடையில் இருந்தன என்பது உண்மை. ஆனால் வந்த பணமும் திரும்பிவந்த சரக்கும் கழிந்த கணக்கு பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. பில்களை வைத்து அதை மீண்டும் எழுதுவதென்றால் பல மாத வேலை.

செவ்வாய்க்கிழமை காலை ஏறாவூர்க் கடைக்காரர் ஒருவர் போன் எடுத்தார். வாப்பாவின் காலத்து வாடிக்கையாளர். "நானா, பழைய கணக்க முடிச்சிட்டு புதுச் சரக்கு எடுக்கப் போறன், எவ்வளவு ஈக்கு எண்டு சொல்லுங்க" என்றார். நான் சற்றுத் தடுமாறி, "ஒங்கட கணக்குல எவ்வளவு காட்டுது?" என்று திருப்பிக் கேட்டேன். கடன் கொடுத்தவன் கடன் வாங்கியவரிடம் தொகையைக் கேட்டறியும் நிலை. இருபத்தெட்டு வருட வியாபாரத்தில் அவ்வாறு கேட்டது அதுவே முதல் தடவை. அவர் எந்தச் சந்தேகமும் இல்லாமல் 2 இலட்சத்து 14 ஆயிரம் என்றார். அன்று பிற்பகலே அந்தப் பணத்தை வங்கியில் இட்டும் விட்டார்.

ஆளுக்கொரு வைத்தியம்

வீட்டில் எல்லோருமே வைத்தியர்களானோம். மகன் பெட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டான். நான்கு தடவை. அந்த நாட்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வேறு அறிவிக்கப்பட்டிருந்தது. அதுவும் தன் பங்குக்குப் பெட்டியை ஒரு தடவை நிறுத்தியது. மின்சாரம் திரும்பிவந்த வேகத்தில் எங்கள் பழைய ரவுட்டர் எரிந்துபோய், திங்கட்கிழமை பகலே மகன் புதியதொன்றை வாங்கிப் பூட்டியிருந்தான். இன்டர்நெட் நன்றாக வேலை செய்தது. ஆகவே ரவுட்டரில் பிழையில்லை, பிழை பெட்டியில்தான் என்று நாங்கள் எல்லோரும் ஒருமித்து முடிவுகட்டினோம். மூன்று நாட்களை இழந்தது இந்த முடிவால்தான்.

செவ்வாய் இரவு தாத்தாவின் மகன் வந்தான். கணினி விடயத்தில் குடும்பத்தில் அவனுக்குத்தான் பெயர். பெட்டியைத் திறந்து ஒரு ஹாட் டிஸ்க்கைக் கழற்றி, வெளியே வைத்துப் பாவிக்கும் ஓர் உறையில் போட்டு லெப்டொப்பில் சொருகினான். உடனே திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த டிஸ்க்கைப் பாவிப்பதற்கு முன்னர் போமட் செய்யவேண்டும், செய்யவா என்று.

"மாமா, டிஸ்க் பழுதாப் போயிட்டு. போமட் பண்ணினா வேல செய்யும்" என்றான் மருமகன். விரல் பொத்தானுக்கு மேல் இருந்தது.

எனக்குக் கணினி தெரியாது. ஆனால் வாசித்து விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்காதே என்று வாப்பா சொல்லித் தந்திருந்தார். "போமட் எண்டா என்ன மகன்?" என்று கேட்டேன். உள்ளே உள்ளது அழிந்து புதிதாகும் என்றான். "அப்ப வேணாம். அப்படியே எடுத்து உள்ளுக்கு வை" என்றேன். அன்று நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

பிறகு தெரிந்துகொண்டது இது. இப்படியான பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் என்ற முறையில்தான் டிஸ்க்கில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. தனக்குத் தெரியாத எழுத்தைக் கண்டால் அது 'எனக்கு வாசிக்கத் தெரியவில்லை' என்று சொல்வதில்லை, 'போமட் செய்யவா' என்றுதான் கேட்கும். டிஸ்க்கில் எந்தப் பழுதும் இருக்கவேண்டியதில்லை. அரபு எழுத்தில் எழுதிய பழைய பேரேட்டைக் கண்டு, கிறுக்கல் என்று நினைத்து அழித்துவிடவா என்று கேட்கும் புதுக் கணக்குப்பிள்ளையைப் போல.

பெட்டியின் பின்புறத்தில் ஊசித்துளை அளவில் உள்ள 'ரீசெட்' பொத்தானும் அதே இனம்தான். சில பெட்டிகளில் அதைச் சில விநாடிகள் அழுத்தினால் கடவுச்சொல்லும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குப் போகும். இன்னும் அழுத்தினால், அல்லது வேறொரு கம்பனியின் பெட்டியில், எல்லாமே முதலிலிருந்து தொடங்கும். எத்தனை விநாடியில் என்ன நடக்கும் என்பதை உங்கள் பெட்டியின் கைந்நூலில் பார்க்காமல் அந்தத் துளைக்குள் எதையும் விடாதீர்கள்.

டோஹாவிலிருந்து ஒரு குரல்

இந்தப் பெட்டியை எங்களுக்குப் பூட்டித் தந்தவர் அயல் வீட்டு இளைஞர் ஒருவர். 2022இல் நாட்டு நிலைமை மோசமானபோது பலரும் போனதைப் போல அவரும் கட்டாருக்குப் போய்விட்டார். போகும்போது வந்து சலாம் சொல்லிவிட்டுத்தான் போனார். பெட்டியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்லாக ஓடும் வண்டியைப் பற்றி யார் கேட்பார்கள்?

புதன்கிழமை போயா. கடை பூட்டு. இரவு ஒன்பது மணிக்கு, அங்கே மாலை ஆறரைக்கு, அவரை வட்ஸ்அப்பில் பிடித்தோம். நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேச, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலில் கேட்ட கேள்வி எங்களை அமைதியாக்கியது.

"டிஸ்க்க யாரும் கழட்டினீங்களா நானா?"

மருமகன் கூரையைப் பார்த்தான். கழற்றியதாகவும், திரும்பப் போட்டுவிட்டதாகவும் நான் சொன்னேன். "போமட்?" என்றார். இல்லை என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. "அப்ப பயப்பட வாணாம். சாமான் உள்ளுக்குத்தான் ஈக்குது. அதுக்குப் போற பாதையத்தான் தேடணும்" என்றார்.

அதன்பின் அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. லொறியில் அனுப்பிய சரக்கு போய்ச் சேராவிட்டால் நாங்களும் அப்படித்தானே தேடுகிறோம்? கடையிலிருந்து வெளிக்கிட்டதா, லொறியில் ஏறியதா, எந்தச் சந்தியில் நின்றது என்று. சரக்கு தொலைந்தது என்று முதலிலேயே எழுதிவிடுவதில்லை.

மின்சாரம் வருகிறதா? வருகிறது, முன்பக்கத்தில் வெளிச்சம் இருக்கிறது. உள்ளே டிஸ்க் சுழலும் சத்தம் கேட்கிறதா? காதை வைத்துக் கேட்டோம், மெல்லிய இரைச்சல் இருந்தது. 'டக் டக்' என்று தட்டும் சத்தம் உண்டா? இல்லை. இந்தத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடவேண்டும், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடாது, அது டிஸ்க்கே கெட்டுப்போவதன் அறிகுறி என்று சொன்னார். அடுத்து, பின்புறத்தில் வயர் சொருகும் இடத்தில் சின்ன விளக்கு மின்னுகிறதா?

மின்னவில்லை. நாங்கள் மூன்று நாட்களாக முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருந்தோம். வயரின் முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது. மகன் புது ரவுட்டரை வைப்பதற்காக எல்லாவற்றையும் இழுத்தபோது உடைந்திருக்கவேண்டும். சொருகியது போலத் தெரிந்தாலும் உள்ளே தொட்டுக்கொண்டிருக்கவில்லை. வேறொரு வயர் போட்டோம். விளக்கு மின்னத் தொடங்கியது. மகன் கைதட்டினான். நான் லெப்டொப்பைத் திறந்து 'இசட்' டிரைவை அழுத்தினேன்.

அதே அறிவிப்பு.

மனம் உடைந்துபோகும் இடம் இதுதான். ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகும் வேலை செய்யாவிட்டால், இது தீராத வியாதி என்று நினைத்துவிடுகிறோம். பழுது ஒன்றுதான் இருக்கவேண்டும் என்று நாமே வைத்துக்கொண்ட எண்ணம் அது. எங்கள் வீட்டில் மூன்று இருந்தன.

தெரு ஒன்றும் தெரு எட்டும்

"இசட் டிரைவுக்குப் பக்கத்தில ஏதும் இலக்கம் எழுதி ஈக்கா?" என்று கேட்டார். இருந்தது. 192.168.1.50. மூன்று நாட்களாக என் கண்ணெதிரே இருந்த இலக்கம். அது பெட்டியின் விலாசம் என்பது எனக்குத் தெரியாது. "இப்ப ஒங்கட லெப்டொப்புக்கு என்ன விலாசம் எண்டு பாருங்க" என்று, கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகொன்பிக்' என்று அடிக்கச் சொன்னார். 192.168.8.104 என்று வந்தது.

அவர் சிரித்தார். "சரி நானா, கண்டுபிடிச்சிட்டம்."

எனக்கு அவர் விளக்கியதை வாசகர்களுக்குப் புறக்கோட்டைப் பாஷையில் சொல்கிறேன். சாதாரண வீட்டு நெட்வொர்க்கில் இந்த நான்கு இலக்கங்களில் முதல் மூன்றும் தெருவின் பெயர், கடைசியில் வருவது கதவிலக்கம். தெருவைத் தீர்மானிப்பது ரவுட்டர். பழைய ரவுட்டர் எங்கள் வீட்டை '1' என்ற தெருவாக வைத்திருந்தது. அந்தத் தெருவில் 50ஆம் கதவு பெட்டிக்கு. புது ரவுட்டர் வந்ததும் தெரு '8' ஆகிவிட்டது. லெப்டொப், போன் எல்லாம் ரவுட்டரிடம் கேட்டு விலாசம் வாங்குபவை. அவை புதுத் தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பெட்டி மட்டும் கேட்பதில்லை. அந்த இளைஞர் அதற்கு நிரந்தரமாக ஒரே விலாசத்தை எழுதிவைத்திருந்தார், தினமும் மாறிக்கொண்டிருக்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். ஆகவே அது பழைய சோனகத் தெருவில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நாங்கள் கெய்சர் வீதியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

புது ரவுட்டர் வாங்கிய அன்றே பெட்டி காணாமற்போனால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதையே. எங்களுக்கு மின்தடையும் ரவுட்டர் மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததால், குற்றத்தை மின்தடையின் தலையில் போட்டுவிட்டோம்.

திருத்திய விதம் இதுதான். ரவுட்டரை விட்டுவிட்டு, பெட்டியையும் லெப்டொப்பையும் ஒரே வயரால் நேரடியாக இணைத்தோம். வைஃபையை நிறுத்தினோம். இப்போது லெப்டொப்பின் விலாசத்தைப் பார்த்தால் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒன்று வந்தது. மருமகன் பதறினான். விலாசம் கொடுப்பவர் யாரும் அகப்படாதபோது கணினி தானே வைத்துக்கொள்ளும் தற்காலிகப் பெயர் அது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டோஹாக்காரர். பிறகு லெப்டொப்புக்குக் கையால் 192.168.1.20 என்று ஒரு விலாசம் கொடுத்தோம், அதாவது நாங்களும் பழைய தெருவுக்கே போனோம். 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு, பெட்டியின் இலக்கத்தைப் போட்டதும் நான்கு வரிகளில் பதில் வந்தது. அந்த நான்கு வரிகளை நான் வாசித்த மாதிரி என் ஓ.எல். பெறுபேற்றைக் கூட வாசித்திருக்க மாட்டேன்.

இணைய உலாவியில் அந்த இலக்கத்தை அடித்ததும் பெட்டியின் முகப்பு திறந்து கடவுச்சொல் கேட்டது. அது யாருக்கும் நினைவில்லை. மனைவிதான் 2021ஆம் ஆண்டு டயரியைத் தேடி எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் அந்த இளைஞரின் கையெழுத்தில் இருந்தது. உள்ளே போய், விலாசத்தை இனி ரவுட்டரிடம் கேட்டுப் பெற்றுக்கொள் என்று மாற்றினோம். ரவுட்டரிலும் இந்தப் பெட்டிக்கு எப்போதும் 50ஆம் கதவையே ஒதுக்கிவை என்று பதிந்தோம். விலாசம் மாறாமலிருக்க அதுவே சரியான முறை. எழுதுவது ஓரிடத்தில், ரவுட்டரில் மட்டும். லெப்டொப்புக்குக் கொடுத்த தற்காலிக விலாசத்தையும் மறக்காமல் எடுத்துவிட்டோம். எடுக்காவிட்டால் அடுத்தநாள் இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று இன்னொரு கதை தொடங்கியிருக்கும்.

இரவு பதினொன்றரை மணிக்கு, 'இசட்' டிரைவைப் புது விலாசத்தில் திரும்ப இணைத்தபோது, கணக்குகள் அத்தனையும் வந்தன.

மூன்றாவது பூட்டு

என் பழைய விண்டோஸ் 10 லெப்டொப்பில் திறந்தது, மகனின் புத்தம்புது விண்டோஸ் 11இல் திறக்க மறுத்தது. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே பெட்டி. காரணம் வேறு. எங்கள் பெட்டியில் ஒரு பகுதி கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழையக்கூடியதாகத் திறந்து விடப்பட்டிருந்தது. 2024இல் வந்த 24எச்2 என்ற பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 புரோ அப்படிப்பட்ட இடங்களுக்குள் போவதைத் தானாகவே தவிர்க்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் இல்லாத களஞ்சியத்தை அது நம்புவதில்லை.

நம்பாததற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் 'வனாக்ரை' என்ற தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அது பரவியது, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் மிகப் பழைய முறையில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அதே வருடப் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் அந்தப் பழைய முறையை வழமையாகப் பூட்டுவதை நிறுத்தியது. அந்தப் பழைய முறை மட்டுமே தெரிந்த பெட்டிகள் இன்னமும் சில கடைகளில் இருக்கின்றன. புதுக் கணினி வாங்கியதும் அவை 'தொலைந்து' போகின்றன. உடனே யாராவது வந்து அந்தப் பழைய முறையைக் கணினியில் திரும்பத் திறந்துவிட்டு ஆயிரம் ரூபா வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது பின்கதவின் பூட்டைக் கழற்றிவிடுவதற்குச் சமம். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பதே சரியான வழி. எங்கள் வீட்டில் அதற்கு இருபது நிமிடம் போனது. பெட்டி புதுப்பிக்க முடியாத அளவுக்குப் பழையதென்றால், உள்ளே உள்ளதை எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுத்துவிடவேண்டியதுதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். வெளியூரில் இருந்துகொண்டே பெட்டியைத் திறக்கும் வசதியை, தயாரித்த கம்பனிகள் தங்கள் சேவர் வழியாகத் தருகின்றன. மருமகனுக்கு அதில் பெரிய விருப்பம். 2023 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பனியின் அந்தச் சேவை, அவர்களது நெட்வொர்க்கில் நடந்த ஊடுருவலை அடுத்து ஒரு வாரத்துக்கு மேல் நின்றுபோனது. பெட்டி வீட்டில் நலமாக இருந்தும் பலருக்கு உள்ளே போக முடியவில்லை. அதற்கு முன், 2021 ஜூனில், இணையத்தோடு இணைத்திருந்த அதே கம்பனியின் பழைய 'மை புக் லைவ்' பெட்டிகள் வெளியிலிருந்து தாக்கப்பட்டு, பலருடைய தரவுகள் ஒரே இரவில் துடைக்கப்பட்டன. அந்தப் பெட்டிகளுக்குப் புதுப்பிப்புகள் வழங்குவது 2015இலேயே நின்றுவிட்டிருந்தது. கடைக் கணக்கு உள்ள பெட்டிக்கு வெளியிலிருந்து கதவு வேண்டுமா என்று இருமுறை யோசிக்கலாம். நாங்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

இரண்டு டிஸ்க், ஒரு பிரதி

எல்லாம் திறந்தபின் மருமகன் பெட்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் எச்சரிக்கையைக் காட்டினான். ஒரு டிஸ்க் கூட்டிலிருந்து பிரிந்துவிட்டதாம். அவன் கழற்றிய அந்த டிஸ்க்தான். அது இல்லாமல் பெட்டி சில மணிநேரம் ஓடியதால், அதைத் திரும்ப ஏற்றுக்கொள்ளவில்லை. மீண்டும் சேர்க்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மற்ற டிஸ்க்கில் உள்ளதைப் பார்த்து இதில் முழுவதும் எழுதிக்கொள்ளும். மருமகன் அழுத்தப் போனான்.

டோஹாவிலிருந்து சத்தம் வந்தது. "முதல்ல பிரதி எடுங்க! பொறகு சேருங்க."

ஏனென்றால் அந்த நேரத்தில் எங்கள் முழு வியாபாரமும் ஒரேயொரு டிஸ்க்கில்தான் நின்றது. சேர்க்கும் வேலை பல மணிநேரம் அந்த டிஸ்க்கை ஓயாமல் வாசிக்கவைக்கும். அதே டிஸ்க் பழையதாக இருந்து இடையில் கைவிட்டால் இரண்டும் போய்விடும். இரவோடிரவாக, வெளியே சொருகும் ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். கணக்குகள் முதலில், வாப்பாவின் வீடியோக்கள் அடுத்து. சுபஹுக்குப் பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தினோம்.

இத்தனை வருடமும் என்னிடம் இரண்டு பிரதிகள் இருப்பதாகவே நான் நம்பியிருந்தேன். இரண்டு டிஸ்க் இருக்கிறதே! ஆனால் அவை ஒரே பெட்டிக்குள், ஒரே மின்சாரத்தில், ஒன்றில் எழுதுவதையும் அழிப்பதையும் மற்றது அப்படியே செய்துகொண்டிருக்கும் இரட்டையர்கள். ஒரு டிஸ்க் கெட்டால் மற்றது தாங்கும், அவ்வளவுதான். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். பெட்டியைத் திருடினாலும் தண்ணீர் வந்தாலும் இரண்டும் போகும். கொலன்னாவையில் இருப்பவனுக்குத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2016 மே மாதம் எங்கள் கீழ்வீட்டில் வெள்ளம் நின்ற உயரம் சுவரில் இன்னமும் தெரிகிறது.

இதைப் புறக்கோட்டையில் சொல்லப்போய், வேறு சிலர் தங்கள் பெட்டிகளைப் பற்றிக் கேட்க வந்தார்கள். ஒருவரின் லெப்டொப் 'விருந்தினர்' வைஃபையில் இணைந்திருந்தது. அந்த வைஃபை வீட்டிலுள்ள மற்றச் சாதனங்களைக் காட்டாது, வைத்திருப்பதே அதற்காகத்தான். இன்னொருவருக்குப் பெட்டியில் விளக்கு எரிந்தது, டிஸ்க் சுழலவில்லை. மின்சாரம் கொடுக்கும் அடப்டர் வலுவிழந்திருந்தது. சரியான அளவில் புதிய அடப்டர் மாற்றியதும் எழுந்துவிட்டது. அவருக்கும் யாரோ டிஸ்க் போய்விட்டது, போமட் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

இப்போது பெட்டியின் அடியில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. விலாசம், மாதிரி இலக்கம், எந்த டயரியில் கடவுச்சொல் இருக்கிறது என்ற குறிப்பு. பெட்டிக்கும் ரவுட்டருக்குமாக ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வைத்தோம். வியாழன் இரவுகளில் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து, மறுநாள் தாத்தாவின் வீட்டில் கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் மற்ற டிஸ்க்கை எடுத்து வருகிறோம். மாதத்துக்கு ஒரு தடவை அதிலிருந்து ஏதாவதொரு கோப்பைத் திறந்தும் பார்ப்போம். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? 2025 நவம்பரில் தித்வா புயலின் பின் களனி கங்கை பெருகியபோது, கீழேயிருந்த சாமான்களை மாடிக்கு ஏற்றுவதில்தான் கவனம் இருந்தது. கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் புதன்கிழமை இரவு கணக்கு திறந்ததும் நான் முதலில் தேடியது ஏறாவூர்க்காரரின் பக்கத்தை. நிலுவை 1 இலட்சத்து 96 ஆயிரம் என்றிருந்தது. அவர் சொன்னது 2 இலட்சத்து 14 ஆயிரம். டிசம்பரில் அவர் திருப்பி அனுப்பிய ஒரு கட்டுச் சாரிக்கு 18 ஆயிரம் கழித்திருந்தோம். அவர் அதைத் தன் கொப்பியில் எழுதியிருக்கவில்லை. பெட்டி திறக்காமலே போயிருந்தால், அந்த 18 ஆயிரம் என்னிடமே தங்கியிருக்கும். இருவருமே கணக்குச் சரி என்று நினைத்துக்கொண்டிருந்திருப்போம்.

வியாழன் காலை அவருக்குப் போன் எடுத்து விடயத்தைச் சொன்னேன். "அப்படியா நானா? நான் மறந்தே போயிட்டன். அத புதுச் சரக்குல கழிச்சிக்கோங்க" என்றார். கழித்து, அன்றிரவே பதிந்தேன்.